சின்ன கேமராவும் பவா அக்காவின் முகமும்

ஜூலை 14, ஞாயிறு

காலையில் மாடியில் அம்மா துணி உலர்த்துவதைப் படமெடுத்தேன். வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்த்தபோது அம்மாவும் பின்னால் மலையும் மட்டும்தான் இருந்தார்கள். எடுத்த படத்தின் ஓரத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் பாதி வந்து நிற்கிறது. கண்ணுக்குக் காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்குமாம் இந்தக் கேமரா. குறிப்புப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

தம்பி ஃபயாஸ் அதே அம்மாவைத் தன் போனில் எடுத்தான். படத்தில் அம்மா ஒரு நிமிடத்தில் வெளுத்துவிட்டார். கன்னத்து மச்சத்தைக் காணோம்.

"பாத்தியா, என் போனே தேவலை. இதென்னக்கா, பழைய கேமரா, அதுவும் பொம்ம கணக்கா?"

அம்மாவும் போனைத்தான் வாங்கிப் பார்த்தார். "இதுல நல்லா இருக்கேன்ல?"



ஜூலை 16, செவ்வாய்

கேமராவின் பிடி அவ்வளவு சின்னது. சுண்டு விரலுக்கு இடமே இல்லை, அந்தரத்தில் தொங்குகிறது.

ஜூலை 21, ஞாயிறு

பவா அக்கா வந்திருந்தார். எங்கள் தெருதான். நான் தேனியில் கல்லூரி சேர்ந்தபோது அவர் கடைசி வருடம். ஒரே பஸ்சில் போய் வந்திருக்கிறோம். பவதாரணி என்று முழுப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இப்போது ஏலக்காய் ஏல மையத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஆவணியில் கல்யாணம்.

நிச்சயதார்த்த ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன்னு சொல்லு பாப்போம்."

பக்கம் பக்கமாகத் திருப்பினேன். மாப்பிள்ளை ராஜ்கமல் இருக்கிறார். பக்கத்தில் அக்காவின் சேலை, அக்காவின் நகை, மெழுகு பூசியது போல வேறு யாரோ ஒரு பெண்ணின் முகம். அக்காவுக்கு வாயைச் சுற்றியும் வலது கண்ணோரமும் கைகளிலும் வெண்புள்ளி உண்டு. பதினான்கு வயதிலிருந்து. ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருக்கிறார். துடைத்த துடைப்பில் சிரிப்பும் போய்விட்டது.

"அவரு தப்பா நெனச்சு செய்யல. எல்லாருக்கும் செய்றதத்தான் எனக்கும் செஞ்சாரு. அம்மாவுக்கு ரொம்பச் சந்தோசம். ஆனா ராஜ்கமல் என்ன கேட்டாரு தெரியுமா? இது யாருன்னு கேட்டாரு."

கல்யாணத்துக்கு நான் எடுக்க வேண்டுமாம். நான் மட்டும்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூலை 22, திங்கள்

அத்தாவிடம் சொன்னேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் சாக்குக் கடை வைத்திருக்கும் தகப்பனாருக்குக் கேமராவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தது தப்பு.

"ஏம்மா, கல்யாணம் திரும்ப நடக்காதும்மா. ஒன் மிசினு நடுவுல நின்னு போச்சுன்னா?"

இந்தக் கேள்விதான் என்னையும் தூங்க விடவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

அத்தாவின் குடோனில் பகல் முழுக்கச் சோதனை. மண்டப மேடையும் இப்படித்தான் மங்கலாக இருக்கும். ஃபயாஸைச் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் மாப்பிள்ளையாக உட்கார வைத்தேன்.

கெட்டது முதலில். வெளிச்சம் குறைந்தால் படத்தில் ரவை தூவியது போல் பொரிபொரியாக வருகிறது. வியூஃபைண்டரில் தெரியும் குறிப்புள்ளிகளில் ஓரத்தில் இருப்பவற்றை வைத்தால் ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கிறது. நடுப்புள்ளி மட்டும்தான் நம்பகம். பொத்தானை விடாமல் அழுத்தினால் சில படங்கள் வேகமாக எடுத்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி, எடுத்ததைக் கார்டில் எழுதி முடித்த பிறகுதான் அடுத்தது. அந்த இடைவெளியில் தாலி கட்டிவிட்டால்?

நல்லதும் இருக்கிறது. இருட்டாக எடுத்துவிட்ட படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வெளிச்சத்தைத் தூக்கினால், இல்லை என்று நினைத்த நிறமெல்லாம் உள்ளேயிருந்து எழுந்து வருகிறது. சாக்கு இழை ஒவ்வொன்றும் தெரிகிறது. பேட்டரி காலையிலிருந்து ஒரு கோடுகூட இறங்கவில்லை.

ஜூம் இல்லாத சின்ன லென்ஸ் ஒன்றைத் தேனியில் சொல்லி வைத்திருக்கிறேன். பழசுதான். அது வந்தால் கூடுதல் வெளிச்சம் உள்ளே வரும், ரவை குறையும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மலைக்குப் போனோம். மண்டப வாசலில் வைக்கும் ஃப்ளெக்ஸுக்கு அக்கா படம் வேண்டும். பவா அக்காவின் அப்பா சுருளிவேல் பெரியப்பாவுக்குப் போடிமெட்டுக்குக் கீழே சரிவில் ஏலத்தோட்டம் இருக்கிறது. அவர் ஜீப்பிலேயே ஏறினோம். மாயக்கா பெரியம்மா, பவா அக்காவின் அம்மா, பவுடர் டப்பாவோடு வந்தார்.

ஜீப்பு நின்ற இடத்திலிருந்து தோட்டத்துக்கு நல்ல ஏற்றம். பெரிய கேமராவாக இருந்தால் கழுத்து கழன்றிருக்கும். இது, தேனியிலிருந்து வந்த சின்ன லென்ஸோடு, சேலை முந்தானைக்குள் அடங்கிவிட்டது.

ஆனால் மரநிழலுக்குள் போனதும் திணறல். இலை வழியாக வரும் வெளிச்சம் முழுக்கப் பச்சை. கேமரா தானாக நிறம் பார்த்ததில் அக்கா நோயாளி போல வந்தார். அதோடு புள்ளி இருக்கும் இடம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட, மற்ற இடம் கறுத்துவிட்டது. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நாந்தான் சொன்னேன்ல தாயி, கொஞ்சம் பூசிட்டு எடுக்கலாம்னு," என்று டப்பாவைத் திறந்தார்.

அக்காவின் கை எழுந்து வாயை மறைத்தது. முகம் இறுகிவிட்டது.

"பெரியம்மா, கொஞ்சம் பொறுங்க," என்றேன். என் வெள்ளைத் துண்டை அக்காவின் முகத்தருகே பிடித்து அதைப் படமெடுத்து, அதை வைத்து நிறத்தைச் சரிசெய்தேன். பிறகு வெளிச்சத்தைக் குறைத்தேன், வெளுத்த இடம் கெடாத அளவுக்கு. திரையில் படம் இருட்டாகத்தான் தெரிந்தது. பரவாயில்லை, குடோனில் கற்றுக்கொண்டேனே.

அப்போது மேகம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. வெளிச்சம் நாலு பக்கமிருந்தும் பாலாக வந்தது. ஈரம் பட்டால் தாங்காத கேமரா இது. துண்டைப் போர்த்திக்கொண்டு எடுத்தேன். அக்கா ஏலச்செடிகளுக்கு நடுவில், அடியில் தரையோடு படர்ந்த காய்ச் சரத்தை மிதித்துவிடாமல் ஒரு காலைத் தூக்கி வைக்கப் போய், வழுக்கி, செடியைப் பிடித்துக்கொண்டு, வாய் விட்டுச் சிரித்தார்.

டக்.

ஒன்றே ஒன்று. பெரிய லென்ஸை நீட்டியிருந்தால் சுதாரித்து வாயை மூடியிருப்பார். எப்போதும் கையை வைத்து வாயை மறைப்பவர்.

ஆகஸ்ட் 12, திங்கள்

படத்தின் வெளிச்சத்தைத் தூக்கிப் பார்த்தேன். வந்திருக்கு! பல்லு தெரியுது, புள்ளி தெரியுது, இமையில பனித்துளி தெரியுது. அக்காவேதான். அம்மாவை எழுப்பிக் காட்டினேன். ஃபயாஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போன்ல இது வராதுக்கா," என்றான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஃப்ளெக்ஸ் கடையில இருந்து டிசைன் அனுப்பியிருக்காங்க. என் படம்தான் — ஆனா முகத்த வழிச்சுத் தொடச்சு வெச்சிருக்காங்க. பனித்துளியும் போச்சு. யாரு சொல்லிச் செஞ்சாங்க? போன் போட்டுக் கேட்டேன். "அவங்க அம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க மேடம்." அக்கா அழக்கூட இல்ல. "விடு ரமீஸா. மண்டபத்துக்குப் பின்வாசல் வழியா வந்துர்றேன், அந்தப் படத்துக்குக் கீழ நுழைய மாட்டேன்," அப்படின்னாங்க.

விடுறதா?

ஆகஸ்ட் 26, திங்கள்

நானே போய் மாயக்கா பெரியம்மாவைக் கூட்டி வந்தேன். சண்டை போட வேண்டும் என்றுதான் போனேன். போடவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, துடைக்காத படத்தைத் திறந்து, திரை நிறைய அக்காவின் முகம் வரும்வரை பெரிதாக்கினேன். இந்தக் கேமராவில் எடுத்ததை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடைவதில்லை.

பெரியம்மா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ இப்பிடியா சிரிப்பா?"

"அன்னிக்கு நீங்களும் அங்கதான நின்னீங்க பெரியம்மா."

"நான் புள்ளியத்தானே பாத்துக்கிட்டு நின்னேன்." திரையைத் தொட்டார். "பதினஞ்சு வருசமா அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன் போல. நாலு பேரு நாலு சொல்லுவானேன்னு பயந்தே... இவ சிரிக்கிறதப் பாக்காம விட்டுட்டனே ஆத்தா."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு அவரே என் போனை வாங்கி ஃப்ளெக்ஸ் கடைக்குப் பேசினார்.

"தம்பி, நான் மாயக்கா பேசுறேன். எம்புள்ள மூஞ்சில கை வெக்காதீங்க. அந்தப் புள்ள எடுத்தத அப்பிடியே போடுங்க. ஆங், அப்பிடியேதான். இருக்குறதுலயே பெருசாப் போடுங்க!"

செப்டம்பர் 7, சனி

மண்டப வாசலில் ஏற்றிவிட்டார்கள். ரெண்டு ஆள் உயரம். கிட்டே போய்ப் பார்த்தேன், இமைத்துளிகூடத் தெளிவு. பஸ்சில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். சுருளிவேல் பெரியப்பா எதிர்க்கடையில் டீயை ஆறவிட்டு அண்ணாந்தே நின்றார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

முடிந்தது.

அக்கா முன்வாசல் வழியாகத்தான் வந்தார். தன் படத்துக்குக் கீழே நின்று, "இன்னொண்ணு எடு," என்றார். எடுத்தேன்.

மேடையில் மங்கல். வீடியோவுக்கு வந்த பாண்டியராஜ் அண்ணன் என் கேமராவைப் பார்த்துவிட்டு, "இத வெச்சா கல்யாணம் எடுக்கப் போற?" என்று சிரித்தார். "அண்ணே, ஒங்க லைட்ட மட்டும் கொஞ்சம் செவுத்துப் பக்கம் திருப்புங்க," என்றேன். திருப்பினார். வெளிச்சம் சுவரில் பட்டு மெத்தென்று மேடைக்கு வந்தது. அவரே தன் திரையைப் பார்த்துவிட்டு, "அட," என்றார்.

முகூர்த்த நேரத்தில் எல்லாருடைய போனும் எழும்பிவிட்டது. பெரிய கேமராக்காரர் என்றால் வழி விடுவார்கள். எனக்கு யாரும் விடவில்லை. ஆனால் இரண்டு மாமாக்களின் முழங்கைக்கு நடுவில் நானும் கேமராவும் நுழைய இடம் இருந்தது. நடுப்புள்ளியை அக்காவின் கண்ணில் வைத்தேன். மேளம் உச்சத்துக்கு ஏறியது. விரல் துடித்தது, அழுத்து அழுத்து என்று. அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும், எனக்குத் தெரியும். காத்திருந்தேன். ராஜ்கமலின் கை கழுத்துக்குப் பின்னால் போனது. முதல் முடிச்சு. இன்னும் இல்லை. அக்கா தலை நிமிர்ந்து, அவரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, எதிரே நின்ற தன் அம்மாவைப் பார்த்தார்.

டக்.

மாயக்கா பெரியம்மாவின் கையிலிருந்து பறந்த அட்சதை அக்காவின் முகத்துக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கிறது. அரிசி ஒவ்வொன்றும் தெரிகிறது. பின்னால் அக்கா சிரிக்கிறார்.

வாய்விட்டுக் கத்திவிட்டேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

பேட்டரியில் இன்னும் பாதி மிச்சம்!

செப்டம்பர் 22, ஞாயிறு

ஆல்பத்தைக் கொடுத்தேன். பொரி விழுந்த படங்கள் சில உண்டு, பந்திப் பக்கம் எடுத்தவை. மறைக்காமல் சொன்னேன். ராஜ்கமல் அண்ணன் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே, "இது என் பொண்டாட்டி. இதுவும் என் பொண்டாட்டி," என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். அக்கா அவர் முதுகில் ஒரு அடி வைத்தார். மாயக்கா பெரியம்மா பக்கத்து வீட்டிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு வந்து காட்டினார்.

அக்டோபர் 6, ஞாயிறு

கம்பம் ஊரிலிருந்து ஒரு நிக்காஹ். பெண்கள் பக்கம் முழுக்க நான் எடுக்க வேண்டுமாம். மணப்பெண்ணின் சின்னம்மா பாத்துமுத்து நேரில் வந்து பேசிவிட்டுப் போனார். புதன்கிழமை ராசிங்காபுரத்தில் ஒரு வளைகாப்பு வேறு.

சாப்பிடும்போது அத்தா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இன்னிக்கு மார்க்கெட்டுல ஒருத்தரு நிப்பாட்டி, 'போட்டோ எடுக்குற ரமீஸாவோட அத்தாதான நீங்க?'ன்னு கேட்டாரும்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்." ரசத்தை ஊற்றிக்கொண்டார். பிசைந்துகொண்டே, "அவரத் திரும்பக் கூப்புட்டு இன்னொருக்காவும் ஆமான்னு சொன்னேன்," என்றார்.