நடுவில் நீ இல்லாத வீடு

என் அருமை அக்கா,

கடிதம் எழுத இப்போதுதான் உனக்கு நேரம் கிடைத்ததா என்று கேட்பாய். நீ இருந்தவரை ஒரே வீட்டில் இருந்தோம். எழுதத் தேவை வரவில்லை. பேசக்கூட அதிகம் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்துத்தான் இப்போது மனம் நோகிறது.

முதலில் ஊர்ப் புதினம். உலகச் சண்டை ஓய்ந்துவிட்டது. எங்கள் கொட்டாஞ்சேனையில் இப்போது விமானத் தாக்குதல் சைரன் ஊதுவதில்லை. அரிசிக் கூப்பன் மட்டும் எங்களை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உன் கோழிகள் சுகம். என் சமையலைக் குறை சொல்லாமல் தின்கிற சீவன்கள் இந்த வீட்டில் அவைதான்.

றோஸ் எப்படி என்று கேட்பாய். அவள் பிறந்த அன்றைக்கே பெற்றவள் கண்ணை மூடினாள், என் மகளை வளர்த்தது நீ. நான் என்ன செய்தேன்? துறைமுகத்திலிருந்து வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அக்கா, அவளைச் சீப்பெடுத்துத் தலை இழுக்கச் சொல்லு" என்பேன். அவள் எனக்கு முன்னாலேயே நிற்பாள். "மாமி, இழுத்திட்டன் எண்டு அப்பாட்டச் சொல்லுங்கோ" என்பாள். அடுப்படியிலிருந்து நீ சத்தம் போடுவாய்: "ரெண்டு பேருக்கும் காது செவிடோ? நானென்ன தந்திக் கந்தோரோ?"

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தானே? தகப்பன் சொல் பெண்களின் வாய் வழியாகத்தான் பிள்ளைக்குப் போகும். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

நீ போனாய், தந்திக் கம்பி அறுந்தது. அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். கதையும் குறைந்தது. நான் ரிப்பன் வாங்கினேன், காலுக்குச் சப்பாத்து வாங்கினேன். "மகளுக்கு என்ன அளவு மாத்தயா?" என்று கடைக்காரன் கேட்டபோது, மீன் வாங்குகிறவனைப் போல இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். சப்பாத்துக்குள் உன் கோழி குடியிருக்கலாம்.

அவளுக்கு எதில் பயம்? யாரோடு கோபம்? எந்தப் பாட்டுப் பிடிக்கும்? எல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. ஏன் அக்கா, ஒரு நாளாவது நான் கேட்டுவைக்கவில்லை?

ஆத்துமாக்கள் நாளில் சேமக்காலைக்கு வந்தோம். உன் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தியதும், பழைய பழக்கத்தில் அவள் உன்னிடம்தான் சொன்னாள்: "மாமி, அப்பாட்டக் கேட்டுச் சொல்லுங்கோ. நான் அழத் தொடங்கினா அவர் எழும்பி வெளியில போறார். அப்ப நான் எங்க போய் அழுறது?"

நானும் அதே பழக்கத்தில், "அக்கா, அவளிட்டச் சொல்லு" என்று தொடங்கினேன். அதோடு வாய் நின்றுவிட்டது. கொண்டுபோய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஈர மண்ணில் அப்படியே குந்தினேன். அவள் முகத்தைப் பார்த்து, "இஞ்ச வா மகள். இஞ்ச அழு" என்றேன். என் தோள் நனைந்தது. என் கண்ணீரை அவள் காணக் கூடாது என்றுதான் நான் வெளியே போவேன். தன் அழுகை எனக்கு வெறுப்பு என்று பிள்ளை நினைத்திருக்கிறாள்.

அழுது ஓய்ந்து நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு அழவும் சரியாத் தெரியேல்ல. மூக்குத்தான் ஓடுது."

"நீதான் பழக்க வேணும்" என்றேன்.

வழி நெடுகக் கதைத்தாள். இடையில் புத்தி சொல்ல வாய் துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், இன்னும் வலிக்கிறது.

இனி உன்னைத் தூது விடமாட்டேன், அக்கா. அவள் அழும்போது எழும்பிப் போகவும் மாட்டேன். அடுத்த முறை வரும்போது எங்கள் கதையை நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லுவோம். நீ சும்மா படுத்துக் கேட்டுக்கொண்டிரு.

உன் தம்பி,
றோஸுக்கு அப்பாவாக இப்போதுதான் பழகுகிறவன்