தேர்வாகாதவர்களைக் கூப்பிடுகிறவள்

இன்று காலை இன்டர்வியூவுக்கு வந்த ஒருவரின் சட்டையிலிருந்து அந்துருண்டை வாசனை அடித்தது. இப்போதெல்லாம் பெரும்பாலானவர்களைத் திரையில்தான் பார்க்கிறேன். திரைக்கு வாசனை கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்ததும் சட்டென்று உன் ஞாபகம் வந்துவிட்டது. "அந்துருண்டை வாசனை வந்தா முதல்ல தண்ணி கொடுடி" என்பாய். "பீரோவுக்குள்ள கிடந்த சட்டையை இன்னிக்குன்னு எடுத்துப் போட்டுட்டு வந்திருக்காங்க. ரொம்ப நாளா யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க."

தண்ணீர் கொடுத்தேன். அவர் போன பிறகு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என் பிரிவில் இப்போது நான் ஒருத்திதான். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

ஆரணியிலிருந்து வந்து சந்தாபுராவில் அறை எடுத்த புதிதில் எனக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. எலக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் ஆள் எடுக்கும் பிரிவில் நாம் இருவர். நீ லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்வாய். வாசலில் செக்யூரிட்டியிடம் கன்னடம், கேன்டீன்காரரிடம் உருது, என்னிடம் தமிழ். "இங்கிலீஷை மீட்டிங்குக்கு மட்டும் வச்சுக்கலாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். எனக்கு அன்றைக்குத்தான் மூச்சே வந்தது.

விண்ணப்பங்களைச் சலிக்கும் சாஃப்ட்வேர் வந்தபோது உனக்கும் மேனேஜருக்கும் சண்டை வந்தது. இடையில் சில வருடம் வேலை பார்க்காதவர்களை எல்லாம் அது நம் கண்ணில் படும் முன்பே ஒதுக்கிக்கொண்டிருந்தது. டெஸ்டிங் வேலைக்கு ஆள் கிடைக்காமல் நாமோ மாதக்கணக்காகத் திண்டாடிக்கொண்டிருந்தோம். ஒதுக்கியவற்றை நீ ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாய். அத்திபெலேயிலிருந்து ஒரு பெண் விண்ணப்பித்திருந்தாள். படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவள்.

"நடுவுல இவ்வளவு கேப் இருக்கே" என்றார் மேனேஜர்.

"அந்த கேப்ல அவங்க தூங்கிட்டா இருந்தாங்க, சார்?" என்றாய் நீ. "ரவுண்டு ரவுண்டா கேள்வி கேக்கறதுக்குப் பதிலா, அரை நாள் நம்மகூட உக்கார வச்சு இங்க செய்யற வேலையையே கொடுத்துப் பார்ப்போம்."

"அதுக்கெல்லாம் யாருக்கு டைம் இருக்கு?"

"எனக்கு இருக்கு."

அந்தப் பெண் வந்தாள். காலையில் யாரையும் எதுவும் கேட்காமல் தானே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போகப் போக, தெரியாததைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்க ஆரம்பித்தாள். "கூச்சப்படாம கேக்கறா. மத்ததைக் கத்துக்குவா" என்றாய். அவளை எடுத்தோம். பிறகு வந்தவர்களுக்கும் அந்த அரை நாள் முறையே வழக்கமாயிற்று. அவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். உன் பேச்சை எடுத்தால் கண் கலங்கி எழுந்து போய்விடுகிறாள். அதனால் அவளிடமும் உன்னைப் பற்றிப் பேச முடிவதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், தேர்வாகாதவர்களுக்கு நீயே போன் செய்வாய். ஏன் எடுக்கவில்லை என்பதை மழுப்பாமல் சொல்வாய். சிலர் கத்துவார்கள். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்பாய். "பதிலே தெரியாம உக்காந்திருக்கறதுதான் கொடுமை. திட்டினா திட்டட்டும், விடு."

பிறகு ஆட்குறைப்பு வந்தது. ஆள் எடுப்பதே நின்றுபோன பிறகு ஆள் எடுப்பவர்கள் இரண்டு பேர் எதற்கு என்றார்கள். உன்னை அனுப்பிவிட்டு என்னை வைத்துக்கொண்டார்கள். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "பாரு, நாளைக்கே வேற ஆபீஸ்ல உக்காந்திருப்பேன்" என்று சிரித்தாய்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வருவேன். பேசிக்கொண்டே போனை எடுத்து எடுத்துப் பார்ப்பாய். "வேணாம்னுகூட யாரும் சொல்லலடி. நான் அனுப்பினது போய்ச் சேர்ந்துச்சான்னே தெரியல." நாற்பதைக் கடந்தவள் என்று ஏதோ ஒரு சாஃப்ட்வேர் உன்னையும் ஒதுக்கிக்கொண்டிருந்திருக்கும். எனக்குத் தெரிந்த இடங்களிலெல்லாம் உன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். பார்க்கலாம் என்றார்கள். எத்தனை பேருக்குப் பதில் சொன்னவள் நீ!

சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில் மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று உன் கணவர் சொன்னார்.

அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது உன் போன் அடித்தது. எடுத்த உன் கணவர் அதை என்னிடம் நீட்டினார். ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் பெண். உன் விண்ணப்பத்தைப் பார்த்தாளாம். திங்கட்கிழமை நேரில் வர முடியுமா என்று கேட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன்.

"சாரி மேடம். சிஸ்டம் இவங்களை ஒதுக்கி வச்சிருந்துச்சு. நானாத்தான் திறந்து படிச்சேன். கொஞ்சம் முன்னாடியே படிச்சிருக்கலாம்."

"நீங்களாவது படிச்சீங்களே" என்றேன். அவள் உனக்குத் தெரியாதவள். ஆனால் உன்னைப் போலவே ஒருத்தி இந்த ஊரில் எங்கேயோ உட்கார்ந்து, ஒதுக்கியவற்றைத் திறந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அதை உன்னிடம் சொல்ல முடியாமல் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

இப்போது மறுபடியும் ஆள் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் தேர்வாகாதவர்களை நான் கூப்பிடுகிறேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. உன் அளவுக்குத் தன்மையாகப் பேச எனக்கு வராது; தடுமாறுகிறேன். பேசி முடிப்பதற்குள் ஆபீஸ் காலியாகிவிடுகிறது. போன வாரம் சேலத்துக்காரர் ஒருவர், நான் காரணத்தைச் சொல்லி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"நீங்க சாப்பிட்டீங்களா, மேடம்?" என்றார்.

என்னிடம் யாரும் அதைக் கேட்டு வெகு நாளாகிவிட்டது. "இல்லைங்க, இனிமேதான்" என்றேன். அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒருவர் பாக்கி இருந்தார். அவருடைய நம்பரைப் போட்டேன்.