புதுப் போனுக்குத் திருத்திப் போட்ட மதிப்பெண்

திருச்சுழி,
ஜூன் 14, ஞாயிறு.

அன்பு மகன் அனீஸுக்கு உன் அத்தா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் கொல்லையில் திரியும் மூன்று கோழிகளும் நலம். அங்கே சவூதியில், தம்மாமில் நீயும் பர்வீனும் பேத்தி நஸ்ரினும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையில் போன் இருக்க அத்தா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ அனுப்பிய போனின் கேமரா என் கையெழுத்தைப் படிக்கும்படி எடுக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால் இந்தத் தாள்களை அதிலேயே படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. பேச்சில் சொன்னால் நடுவிலேயே "சரித்தா, பரவால்லத்தா" என்று முடித்துவிடுவாய். இது நீ லீவு எடுத்து வருவதைப் பற்றியது. டிக்கெட் போடுவதற்கு முன்னால் கடைசி வரி வரை படித்துவிடு.

முதலில் போன். ஒரு மாதம் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள், நன்றாக இருந்தால் நரிக்குடியில் பர்வீனின் அம்மாவுக்கும் இதையே வாங்கி அனுப்புகிறேன் என்றாய். விலை கூடியதும் இல்லை, மலிவானதும் இல்லை, வகுப்பில் நடு வரிசையில் உட்காரும் பிள்ளை மாதிரி. நடு வரிசைப் பிள்ளைகளைத்தான் எங்களைப் போன்ற வாத்தியார்கள் சரியாகக் கவனிப்பதில்லை. அந்தத் தவறை இதனிடம் செய்யக் கூடாது என்று ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வந்தேன். சுபுஹு தொழுகைக்கு எழும்போது சார்ஜிலிருந்து எடுத்தால் மறுநாள் மதியம் லுஹர் வரை தாங்குகிறது. நான் அதிகம் பேசாததும் அதற்கு ஒரு காரணம். பர்வீனின் அம்மா நாள் முழுக்கத் தங்கையிடமும் நாத்தனாரிடமும் பேசுகிறவர், அவருக்கு ராத்திரி இஷாவுக்குள் தீர்ந்துவிடும், சொல்லிவை. பதினோரு மணி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பழைய போனில் என் மூக்குக் கண்ணாடிதான் தெரியும், இதில் எழுத்து தெரிகிறது. மே மாதத்தில் ஒருநாள் ஜன்னலோரம் மறந்து வைத்துவிட்டேன், தோசைக்கல் மாதிரிச் சுட்டது. நிழலுக்குக் கொண்டுவந்ததும் பழையபடி ஆகிவிட்டது. நம் ஊர் வெயிலில் யாரை வைத்தாலும் அப்படித்தான், அதற்காக நான் மதிப்பெண் குறைக்கவில்லை. எடை கொஞ்சம் கூடுதல், படுத்துக்கொண்டு பார்த்தால் கை தளர்ந்து மூக்கில் விழுகிறது. விரல் வைத்துத் திறக்கும் வசதி எனக்குப் பயன்படவில்லை, ரேஷன் கடைக் கருவியும் என் விரலை ஏற்பதில்லை, முப்பத்தாறு வருஷம் சாக்பீஸ் தின்றது போக மிச்சமிருக்கும் ரேகை அதற்குப் போதவில்லை. கேமரா என்னைப் பத்து வயது குறைத்துக் காட்டியது. அது ஒரு வசதியாம். தங்கமாரியிடம் சொல்லி அதை நிறுத்தினேன், நீ பார்க்கும்போது உள்ளபடியே பார்க்க வேண்டும் அல்லவா. தங்கமாரி என்னிடம் படித்த பெண், பஸ் ஸ்டாண்டு அருகில் இ-சேவைக் கடை வைத்திருக்கிறாள். சிக்னல் முன்னறையில் ஒரு கோடு, மொட்டை மாடியில் நான்கு கோடு. அது போனின் குறை இல்லை.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. வாரம் எவ்வளவு நேரம் எதில் செலவழித்தோம் என்று காட்டுகிறது. நான் அதை வைத்துக் கூட்டிப் பார்த்தேன், சென்ற வாரம் நான் பேசியது மொத்தம் பதினேழு நிமிடம். உன்னிடம் பதினொன்று, சிலிண்டர் போடுகிறவரிடம் நான்கு, மிச்சம் இரண்டும் தவறான எண்ணுக்கு வந்த அழைப்பு. நல்ல மனிதர், தேனியிலிருந்து பேசினார், அங்கே மழையாம். நடக்கிற அடிகளையும் எண்ணுகிறது. முழங்கால் வலியால் பள்ளிவாசலுக்குப் போக முடியாமல் இருந்த நாளில் இருநூற்றுப் பதினாறு அடி. கட்டில், அடுப்படி, வாசல், மறுபடி கட்டில் என்று நடந்து பார்த்தேன், சரியாகத்தான் எண்ணுகிறது. அதையும் அணைத்துவிடச் சொன்னேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வுபெற்றது ஜூன் மாதம் என்பதால் பென்ஷனுக்காக வருஷந்தோறும் ஜூனில் கருவூலத்துக்குப் போய் உயிரோடு இருக்கிறேன் என்று முகத்தைக் காட்ட வேண்டும். எட்டு வருஷமாக அதற்காகவே உன் லீவை ஜூனில் வைத்துக்கொண்டாய். ஐந்து நிமிட வேலை. அந்த அலுவலர் புத்தகத்தில் ஒட்டிய போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார், நீ பின்னால் நின்று சிரிப்பாய். பிறகு அருப்புக்கோட்டையில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் கபுர்ஸ்தானில் இறங்கி உன் அம்மாவை அடக்கிய இடத்தில் யாஸீன் ஓதிவிட்டு வருவோம். உன் அம்மா மவுத்தான பிறகு வருஷத்தில் எனக்கு இருப்பது அந்த ஒரு நாளும் அதை ஒட்டிய ஒன்பது நாளும்தான். மே கடைசியில் நீ பேசும்போது, "அத்தா, இனிமே கருவூலத்துக்கெல்லாம் அலைய வேணாமாம், போன்ல மொகத்தக் காட்டினாப் போதுமாம், நானும் இந்த வருஷ லீவ அடுத்த வருஷத்தோட சேத்துக்கிடுறேன்" என்றாய். என் முழங்காலை நினைத்துத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். சரிப்பா என்று சொல்லிவிட்டு நெடுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஜூன் இரண்டாம் தேதி தங்கமாரி கடையில் உட்கார்ந்தேன். முகத்தை ஒரு வட்டத்துக்குள் காட்டிக் கண்ணைச் சிமிட்ட வேண்டும், சிமிட்டினால்தான் போட்டோ இல்லை, உயிருள்ள ஆள் என்று அது நம்பும். முதல் தடவை நடந்தது உண்மையான தவறு. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் குரூப் போட்டோ எடுக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கண்ணைச் சிமிட்டாதீர்கள் என்று கத்திக் கத்தியே பழகியவன் நான். கேமராவைக் கண்டதும் கண்ணை அகல விறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து போன் என் முகத்தை ஏற்கவில்லை என்று சொன்னேன். நீ ஒரு நொடிகூட யோசிக்காமல், "அப்ப நானே வாரேன்த்தா" என்றாய். அன்று இரண்டு வாய் சோறு கூடவே இறங்கியது.

அனீஸ், அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் தெரிந்தே சிமிட்டவில்லை. கண்ணில் நீர் கட்டும் வரை விறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் கேமராதான் சரியில்லை, பர்வீனின் அம்மாவுக்கு இந்தப் போன் வேண்டாம், நூற்றுக்கு நாற்பதுதான் போடுவேன் என்று சொன்னேன். ஒரு குறையும் இல்லாத பொருளின் மேல் பழி போட்டேன்.

முந்தாநாள் ஜும்ஆ முடிந்து வந்தால் வாசலில் மல்லாங்கிணறு மொக்கையன் நுங்கோடு உட்கார்ந்திருந்தார். உன்னோடு வேலை பார்க்கும் ஜெயக்குமாரின் அப்பா. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார், "சார், நம்ம பய இந்த மாசம் வாரதாத்தான் இருந்துச்சு. மருமக அமுதவள்ளிக்கு இது மாசம்ல. உங்களக் கருவூலத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு அனீசு தம்பி கேட்டுச்சாம், லீவ மாத்திக் குடுத்துட்டான். நல்லதுதான் சார், பெரியவுக காரியம் முக்கியம். பேரப்பிள்ளை எங்க ஓடிப்போகுது, ஆகஸ்டுல வந்து பாத்துக்கிடட்டும். தம்பி வரும்போது பிள்ளைக்குத் துணிமணி குடுத்துவிடுறேன்னான், அதை வாங்கிக்கிட வரலாமான்னு கேக்கத்தான் வந்தேன்." நான் வாருங்கள் என்றேன். அந்தப் பெண் தலைப்பிரசவத்துக்குப் புருஷன் வருவான் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்திருப்பாள். நீ பிறந்த அன்று நான் பரளச்சிப் பள்ளியில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், சாயங்காலம்தான் வந்தேன். உன் அம்மா கடைசி வரை அதைச் சொல்லிக்காட்டுவாள். அது ஒரு பகல் பொழுதுதான். இங்கே இரண்டு மாதம்.

நேற்றுக் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். தங்கமாரி போனை வாங்கிக்கொண்டு, "சார், எம்பத்தஞ்சு வயசுக் கிழவிகளுக்கெல்லாம் ஒரே தடவையில முடிஞ்சிருச்சு. போன தடவையும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், வாய் தொறக்கல" என்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஏழாப்புல பாத்து எழுதினேன்னு என்னைய மூணு நாளு வெளிய நிக்க வச்சீகளே, இப்ப உங்கள எத்தன நாளு நிக்க வைக்க?" என்று சிரித்தாள். நிற்கிறேன் தாயி, முதலில் இதை முடி என்றேன். ஒரே ஒரு தடவை சிமிட்டினேன். பச்சையாகி முடிந்துவிட்டது. நான் உயிரோடு இருப்பதாகச் சான்று வந்துவிட்டது, அடுத்த ஜூன் வரை செல்லும். தங்கமாரி டீ வாங்கிக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே மதிப்பெண்ணைத் திருத்திப் போடுகிறேன், நூற்றுக்கு எண்பத்து நான்கு. எடைக்கும், கேட்காமல் வந்து விழும் விளம்பரங்களுக்கும் மட்டும் குறைத்திருக்கிறேன். பர்வீனின் அம்மாவுக்குத் தாராளமாக வாங்கு. ஜெயக்குமாரிடம் இன்றே சொல்லி லீவைத் திருப்பிக் கொடுத்துவிடு, அத்தா செய்த வேலை இது என்றே சொல், மறைக்காதே. மொக்கையனிடம் நானே நாளைக்குப் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிடுகிறேன். கோபப்பட்டாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

உனக்கு எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போது வா. அடுத்த வருஷம் என்றாலும் சரி. இந்தத் தடவை கருவூலத்தில் வேலை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, பத்திர ஆபீஸ் இல்லை. மேனேஜர் எதற்கு லீவு என்று கேட்டால் அத்தாவைப் பார்க்க என்று மட்டும் எழுது. வேறு காரணம் இனி நான் உண்டாக்கித் தர மாட்டேன்.

வெயிலில் தலையில் துணியில்லாமல் நிற்காதே. நஸ்ரினைத் தினம் அரைப் பக்கமாவது தமிழ் எழுத வை. பர்வீனுக்கு என் ஸலாம். மூவரையும் அல்லாஹ் நோயில்லாமல், ஒருவரை விட்டு ஒருவர் பிரியாமல் வைத்திருக்க துஆ செய்கிறேன். ஜெயக்குமார் விஷயம் இன்றே, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அத்தா
சகாபுதீன்

மூன்றாம் தாளின் ஓரத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரியாமல் இருந்தால் அது போனின் குறை இல்லை, என் கை.