கக்கூஸ் வாசலில் கழற்றிய கட்டைச் செருப்புகள்

1934 மார்ச் 4, ஞாயிறு. பெக்கோக் ரப்பர் தோட்டம், மலாயா.
கையெழுத்தை மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? என்னிடமேதான். பால்மரம் சீவிய கை; பேனாவையும் கத்தி மாதிரியே பிடிக்கிறது. எழுத்தெல்லாம் மேடும் பள்ளமும். இருந்தாலும் இந்த வயதில் எழுத்துக் கற்று, நான் எழுதியதை நானே படிக்கிறேன்! கிழவனுக்குக் கொண்டாட்டம்தான்.

பேத்தி புஷ்பவள்ளிக்குத்தான் சரியில்லை. மூன்று வயது. மண் தின்கிறாள். நாக்கு வெளுத்துவிட்டது. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

மார்ச் 7
தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் கேப்ரியல் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

“வயித்துல கொக்கிப்புழு, தாத்தா. ரத்தத்தைக் குடிக்குது. வெளிக்கு இருக்கிற மண்ணுல வெறுங்காலோட நடந்தா உள்ளங்கால் வழியா ஏறிடும். இப்படியே விட்டா பிள்ளை தங்காது.”

மகள் தனலெட்சுமி அழுதாள். புழு மருந்து, இரும்பு மருந்து, முருங்கைக்கீரை. லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் கட்டைச் செருப்பு கொடுத்தார்கள். பின்னால் புதுக் கக்கூஸும் கட்டுகிறார்கள்.

மார்ச் 18, ஞாயிறு
கக்கூஸ் திறப்பு. செங்கல் சுவர், தகரக் கூரை — எங்கள் வீடுகளைவிட அழகு! புதுக் கட்டடத்தில் பூசை போடாமல் நுழைவதா? கங்காணி தேங்காய் உடைத்தார். கதவுக்குச் சந்தனம், குங்குமம். பிறகு யார் முதலில் போவது என்று ஒரே உபசாரம்.

“நீங்க போங்க மாமா.”

“அட, நீங்கதான் பெரியவரு.”

கடைசியில் எனக்கே அந்தப் பெருமை. செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்தேன்.

ஜூன் 10, ஞாயிறு
மருந்தில் தெளிந்த பிள்ளை மறுபடி சுருண்டு கிடக்கிறாள். ஏன்? ஏன்டா சாமி?

ஜூன் 11
டிரசர் மறுபடி புழு மருந்தோடு வந்தார். கக்கூஸ் வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“வழியெல்லாம் போட்டுட்டு வந்து இங்கயா கழட்டுறீங்க? கழட்டக்கூடாத இடமே இதுதானய்யா! புழு இங்கதான் கால்ல ஏறும்!”

“பூசை போட்ட இடம் டிரசரே,” என்றார் கங்காணி. “செருப்போட போனா குத்தமாயிடும் லா.”

“எந்தச் சாமி உள்ள குந்தியிருக்கு?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜூன் 12
திறந்து வைத்தவன் நான். குத்தம் வந்தால் எனக்கே முதலில் வரட்டும் என்று செருப்போடு போனேன். டக், டக். லயமே வெளியே காத்து நின்றது.

“தாத்தா, உசுரோட இருக்கீங்களா?” — பக்கத்து வீட்டு வெள்ளையம்மா.

“இருக்கேன்! நிம்மதியா இருக்க விடுங்களேன்!”

முழுசாக வெளியே வந்தேன். தனலெட்சுமி பிள்ளையின் காலில் செருப்பை மாட்டி, துணியால் இறுக்கிக் கட்டி, உள்ளே கூட்டிப் போனாள். யாரும் தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 19, ஞாயிறு
கீரையைத் துப்புகிறாள். துப்புகிற நாக்கு நல்ல சிவப்பு. காலையிலிருந்து வெள்ளையம்மாவின் கோழியைத் துரத்துகிறாள். கோழி களைத்து உட்கார்ந்துவிட்டது, இவள் உட்காரவில்லை. வெள்ளையம்மா கத்துவது இங்கே கேட்கிறது. மீதியை அடுத்த வாரம்தான் எழுத முடியும் — கோழியைக் காப்பாற்றப் போகிறேன்.