மாலை ஆறு மணி வரை

லின்ஷுய்
ஆகஸ்ட் 17

அன்புள்ள மகள் பெய்யூவுக்கு அம்மா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் தங்கை லியென், என் கையெழுத்து எனக்கே பிடிபடாது என்பது உனக்குத் தெரியும். இங்கே மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அங்கே அந்த அளவுக்காவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். ஏப்ரலிலிருந்து நீ எங்கள் போனை எடுப்பதில்லை, அனுப்புகிற செய்தியும் உன்னிடம் வந்து சேர்வதில்லை, அதனால்தான் காகிதத்துக்கு வந்தேன். உன் விலாசத்தை ஓவியப் பயிற்சிக்கூடத்து ஃபாங் வாத்தியாரிடம் கெஞ்சி வாங்கினேன். அவர் மூன்று நாள் தர மறுத்தார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

குகைச் சுவர்களில் இருக்கும் பழைய ஓவியங்களை நகல் எடுக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறாய் என்று அவர்தான் சொன்னார். அந்தப் பக்கம் காற்றில் ஈரமே கிடையாதாமே. உனக்குச் சின்ன வயதில் அடுப்புச் சூடு பட்டாலே மூக்கிலிருந்து ரத்தம் வரும், ராத்திரி படுக்கும்போது மூக்கினுள் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள், பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்துக் குடி. இங்கே இந்த வருஷம் வெயில் தாங்கவில்லை. ஊரில் எல்லா ஏசியும் ஒரே நாளில் கெட்டுப்போன மாதிரி உன் அப்பா மாடி மாடியாக ஏறிப் பழுது பார்க்கிறார், இறங்கி வரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறார், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். உன் பெயரை அவர் வீட்டில் சொல்வதில்லை. வெளியில்தான் சொல்கிறார், அதுவும் நிறைய.

பயிற்சிக்கூடத்தில் ஜூலையிலேயே புதுக் கூட்டம் வந்துவிட்டது. டிசம்பர் தேர்வுக்கு இன்னும் நாள் கிடக்கிறது, அதற்குள் பிள்ளைகளுக்கு விரலெல்லாம் கரி. நான் அதே ஜன்னலோரத்து நாற்காலியில் அவர்கள் பார்த்து வரைய நாற்பது நிமிடம் உட்கார்ந்து பத்து நிமிடம் எழுந்திருக்கிறேன். பிளாஸ்டர் சிலை மாதிரி அசையாமல் இருப்பதால் இந்தக் கூட்டமும் எனக்குப் பிளாஸ்டர் அத்தை என்றே பெயர் வைத்திருக்கிறது. அத்தை முகத்தில் இந்த வருஷம் இரண்டு சுருக்கம் கூடியிருக்கிறது, அதை வரையாமல் விட்டுவிட்டு யாரும் என்னிடம் மார்க் கேட்க வராதீர்கள் என்று ஃபாங் வாத்தியார் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது வருஷம் அசையாமல் உட்கார்ந்தவளுக்குக் காது ஒன்றுதான் வேலை செய்தது. உங்கள் படிப்பை நான் காதால்தான் படித்தேன். மாடி வகுப்பில் முதுகலைத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஓய்வு நேரத்தில் வேறு எதைப் பேசுகிறார்கள், எந்தப் பிரிவு எடுப்பது என்பதைத்தான். டிசைன் எடுத்தால் சோறு உண்டு, தூக்கம் இல்லை. எண்ணெய் ஓவியம் எடுக்க வேண்டுமென்றால் அப்பா பணக்காரராக இருக்க வேண்டும். சிற்பத்துக்கு இடுப்பில் பலம் வேண்டும். அச்சு ஓவியக்காரிக்குக் கல்யாணத்தன்றும் நகத்தில் மை போகாது. வரைய வராதவன் கலை வரலாற்றுக்குப் போவான், வீட்டுக்குப் பயந்தவள் ஓவிய ஆசிரியர் படிப்புக்குப் போவாள். போன வருஷம் ஒரு பெண் சுவரோவியம் என்று சொன்னதும் பக்கத்தில் இருந்தவன், "பாலர் பள்ளிச் சுவத்துல ஒட்டகச்சிவிங்கி வரையவா?" என்று கேட்டான். மாடலாக உட்கார்ந்திருந்ததால் நான் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை.

துவான் யீயை உனக்கு நினைவிருக்கும். அச்சு ஓவியத்தில் முதுகலை இடம் கிடைத்தபோது அவள் பெயரைச் சிவப்புத் துணியில் எழுதி வாசலில் கட்டினார்களே, அவள்தான். படித்து முடித்து இரண்டு வருஷம் தலைநகரில் அலைந்துவிட்டு அதே வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறாள். இப்போது பிள்ளைகள் பார்த்து வரையும் பிளாஸ்டர் தலைகளில் காது எங்கே வரவேண்டும் என்று திருத்துகிறாள். பேனர் அக்கா என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறார்கள், அவளுக்கும் தெரியும். ஒருநாள் ஓய்வு நேரத்தில் எனக்குச் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அத்தை, உங்க பொண்ண வீட்டுப் பக்கத்துலயே ஏதாவது படிக்கச் சொல்லுங்க. திரும்பி வர்ற வழி ரொம்ப நீளம்" என்றாள். அது மார்ச் மாதம். அந்தப் பேச்சு என்னுள் போய் உட்கார்ந்துகொண்டது. பழியை அவள் மேல் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை, என் மனம் அப்போது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

உன் பெயருக்கு ஆசிரியர் கல்லூரியின் அனுமதிக் கடிதம் ஜூன் கடைசியில் வந்தது. உன் அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஓட்டலில் பதினோரு மேசை போட்டு ஊரைக் கூட்டி விருந்து வைத்தார். நீ இல்லாமல் உன் விருந்து. பன்றி முட்டி, முழு மீன், நீ தொடாத கடல் அட்டை கூட இருந்தது. சட்டத்தையும் உன் பழைய பள்ளிப் படத்தையும் வாசலில் ஒரு ஸ்டூல் மேல் வைத்தார்கள், வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெண் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்றார். உன் பெரியப்பா விடுவாரா, கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "பொண்ணு இல்லாத விருந்த இன்னைக்குத்தான் பாக்குறேன் தம்பி. கல்யாணத்துக்காவது வருவாளா, அதுக்கும் போட்டோ தானா?" என்று கேட்டார். அப்பாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். பெரியம்மா லியெனிடம், நீ என்ன பண்ணுகிறாய் என்று தெரியாதவள் போலக் கேட்டாள். பயிற்சிக்கூடத்துச் சமையலறையில் என்று இவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். ஒரு வீட்டில் ஒருத்தி படித்தால் போதும், இரண்டு பேரும் படித்தால் பாத்திரம் யார் கழுவுவது என்றாள் பெரியம்மா. இவள் மீன் முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் இந்தக் கடிதத்தை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இத்தனை மாதம் இவள் சுமந்தது இவளுடையது இல்லை.

பெய்யூ, இனிமேல் சொல்வதை உட்கார்ந்து படி. ஏப்ரலில் அந்தச் செவ்வாய்க்கிழமை நீ மேற்கே அந்தக் கல்லூரியில் வரைந்து காட்டும் தேர்வில் இருந்தாய். முதுகலைக்கு முதலில் கேட்ட இடம் நான்கு மதிப்பெண்ணில் போய்விட்டது, மிச்ச இடங்களுக்கான இரண்டாம் சுற்றில் மூன்று கல்லூரி கேட்டிருந்தாய். முதலாவது மேற்கே இருக்கும் அந்தக் கல்லூரியின் சுவரோவியம், மூன்றாவது அப்பாவின் வாயை அடைப்பதற்காகப் போட்ட ஆசிரியர் கல்லூரி. தேர்வறையில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று பதிவுப் பக்கத்தின் கடவுச்சொல்லை லியெனிடம் கொடுத்திருந்தாய், மேற்கிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் ஏற்றுக்கொள், வேறு எது வந்தாலும் நான் வெளியே வரும்வரை தொடாதே என்று சொல்லியிருந்தாய். கல்லூரிக்காரர்கள் கூப்பிட்டால் வீட்டில் யாராவது எடுக்கட்டும் என்று பதிவில் அப்பாவின் எண்ணைக் கொடுத்ததும் நீதான். காலை பத்தே காலுக்கு ஆசிரியர் கல்லூரி இடம் தரும் அழைப்பு அந்தப் பக்கத்தில் வந்தது. ஒன்றை ஏற்றால் மற்ற இரண்டும் பூட்டிக்கொள்ளும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு மணியோடு கெடு முடிந்தது, வேறு வழியில்லாமல் லியென் ஏற்கும் பொத்தானை அழுத்திவிட்டாள் என்று அப்பா உன்னிடம் சொன்னார், நீயும் இவளைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டாய்.

லியென் அழுத்தவில்லை. அப்பா அழுத்து அழுத்து என்று பக்கத்தில் நின்றார், இவள், அக்கா சொல்லியிருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். எடுத்தவள் நான். அழுத்தியவள் நான். கெடு பன்னிரண்டு மணியும் இல்லை. மாலை ஆறு மணி வரை என்று தெளிவாகப் போட்டிருந்தது, இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னேன். உன் தேர்வு நாலு மணிக்கு முடியும். அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் இருந்தது. உன் அப்பா, "நாலு மணிக்கு வருவா, வேணாம்னு சொல்லுவா. அதக் கேக்கவா காத்திருக்கணும்?" என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்ததால்தான் காத்திருக்கவில்லை. மணி பதினொன்று ஆகவில்லை. அழுத்திய பிறகு அந்தக் கெடு பதிவுப் பக்கத்திலிருந்து மறைந்துவிட்டது, அதனால் என்ன சொன்னாலும் நீ நம்ப வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை மேற்கிலிருந்து அப்பாவின் போனுக்கு ஒரு பெண் பேசினாள், அப்பா போனைக் கீழே வைத்துவிட்டுக் கூரைமேல் இருந்தார், நான் எடுத்தேன். அந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது, புரிந்த பாதி போதும். "உங்க பொண்ணு கை நல்ல கைம்மா. வந்தவங்கள்ல ரெண்டாவது பேரு அவளோடதுதான். இடம் குடுக்கலாம்னு பாத்தா அவ பதிவுப் பக்கம் பூட்டியிருக்கு. நீங்களே பூட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு எதையும் அவள் கேட்கவில்லை. நீ ஊருக்கு வந்தபோது, எப்படியும் அங்கே கிடைத்திருக்காது, உன்னைவிட நன்றாக வரைகிறவர்கள் எத்தனையோ பேர் என்று அப்பா சொன்னார், நான் பக்கத்தில் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தேன். உன் கையைப் பற்றி நீயே சந்தேகப்பட்டுக்கொண்டு ரயில் ஏறியதைப் பார்த்தும் சொல்லவில்லை. உன் பெயர் இரண்டாவதாக இருந்தது பெய்யூ. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். துவான் யீ மாதிரி ஆகிவிடுவாயோ என்று பயந்தேன் என்று சொன்னால் அது உண்மை, ஆனால் முழுசும் இல்லை. ஆசிரியர் கல்லூரி பேருந்தில் ஒன்றரை மணி நேரம். வாரக் கடைசியில் வருவாய், துணி கொண்டுவருவாய், அலுத்துக்கொள்வாய், சாப்பிடுவாய். எனக்கு அது வேண்டியிருந்தது. உன்மேலும் எனக்குக் கசப்பு உண்டு, அதையும் இவள் எழுதட்டும். லியென் பதினைந்து வயதில் பள்ளியை விட்ட வருஷமும் உன்னைப் பெரிய பயிற்சிக்கூடத்தில் சேர்த்த வருஷமும் ஒன்றுதான். இவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று உன்னிடம் சொன்னோம், நீயும் ஒரு தடவைகூட இவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இந்த இடத்தில் இவள் பேனாவை வைத்துவிட்டாள், இது வேண்டாம் அம்மா என்கிறாள், எழுது என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறாள். இரண்டு பேர் படிப்பு உன் ஒருத்தியிடம் சேர்ந்திருக்கிறது, அதை வைத்து நீ மணலில் போய்ப் பழைய சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. உனக்கு ஆத்திரம் வரவில்லையா என்று இவளிடம் கேட்டேன், "அக்காவுக்குப் பிடிச்சது கிடைச்சாத்தானே நான் விட்டதுக்கு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்டு நான் இதை எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கிறவள் இனிச் செய்ய மாட்டேன் என்று சொல்ல வேண்டும், அப்படி இன்னொரு காலை வந்தால் என் விரல் சும்மா இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

செப்டம்பர் இரண்டாம் தேதி ஆசிரியர் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். நீ வரமாட்டாய் என்று அப்பாவுக்கும் தெரியும், அதனால் அனுமதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தானே போய், பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, இடத்தை ஒரு வருஷம் வைத்திருங்கள் என்று கேட்கப்போகிறார். போன வாரமே நல்ல சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டார். இன்று காலை அவர் வேலைக்குப் போன பிறகு சட்டத்தின் பின்பக்கத்து ஆணியைக் கத்தியால் நெம்பிக் கடிதத்தை வெளியே எடுத்தேன். அது இந்த உறையில் இருக்கிறது. அது இல்லாமல் அவரால் அங்கே ஒன்றும் பேச முடியாது. சாயங்காலம் வந்து காலிச் சட்டத்தைப் பார்ப்பார், நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிடுவேன், கெடு ஆறு மணி வரை இருந்ததை உனக்கு எழுதிவிட்டேன் என்பதையும் சொல்வேன். அவர் என்ன செய்வார் என்பதைப் பற்றி நீ யோசிக்காதே, அது எங்களுடையது. நீ ஆசிரியர் கல்லூரிக்குப் போனாலும் சரி, கடிதத்தைக் கிழித்து அங்கே காற்றில் விட்டாலும் சரி. எது என்று எனக்கு எழுத வேண்டாம். லியெனுக்கு எழுது, ஒரு வரி போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, சாரத்தில் ஏறும்போது கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறு, உன் கையும் கண்ணும் நெடுங்காலம் நன்றாக இருக்கட்டும். மறுபடி தேர்வு எழுதுவதானால் பதிவு அக்டோபரில் தொடங்குகிறதாம். பதிவில் உன் எண்ணையே கொடு. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே, என்னிடமும்.

இப்படிக்கு,
உன் அம்மா

சொன்னதில் ஒரு வரியும் விடாமல் எழுதினேன், அக்கா. — லியென்