‘ரன்’ ஒன்று போதும்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம், இங்கே எல்லோரையும்விட நலம். நீயும் மாப்பிள்ளையும், முக்கியமாக உன் அம்மாவான என் அக்காவும் நலமா? இதை முதலில் நீ படி. பிறகு உன் அம்மா சாப்பிட்டு முடித்து நல்ல முகத்தோடு இருக்கும்போது படித்துக் காட்டு. காரணம் கீழே வருகிறது.

நான் வேலை பார்க்கும் இந்த வெளிநாட்டு ஓட்டல் சலவைக்கூடத்தில் என் கொடிதான் பறக்கிறது. என்னைக் கேட்காமல் மானேஜர் தும்மக்கூட மாட்டார். நான் ஒரு நாள் லீவு போட்டால் பாதி ஊர் வெறும் மெத்தையில்தான் தூங்கும்.

நீ காலேஜில் மூட்டை மூட்டையாக இங்கிலீஷ் படித்தாய். எனக்கு ‘ரன்’ ஒன்றே போதும். மெஷின் சுற்றினால் ரன். சிவப்புத் துண்டின் சாயம் வெள்ளைச் சட்டையில் இறங்கினாலும் ரன். குழாயில் தண்ணீர் வந்தாலும், சளி பிடித்து மூக்கு ஒழுகினாலும் ரன்தான். இந்த ஓட்டலை முதலாளி நடத்துவதுகூட ரன்னாம். மிச்ச இங்கிலீஷ் எல்லாம் அலங்காரத்துக்கு.

இங்கே கிழிந்த துணி தைக்கும் பெண் ஒருத்தி, என் வயதுக்காரி. அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. அவளிடமும் இருந்தது அந்த ரன்தான். புருஷன் விட்டு ஓடிப்போனதைக்கூட அதை வைத்தே சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள். சட்டப்படி எல்லாம் முடிந்த கதை. அக்கா கேட்பாள், சொல்லிவிடு.

போன வாரம், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கப் போனேன். அதற்கு ரன் உதவவில்லை. வாயடைத்து நின்றேன், நானேதான். என் பழைய மெஷின் மக்கர் பண்ணும்போது அதைத் தட்டிக் கொஞ்சுவேன். தினமும் காதில் வாங்கியிருக்கிறாள் போல. என் தோளைத் தட்டி, சுத்தத் தமிழில், “நின்னது போதும், கிளம்பு ராசாத்தி” என்றாள். கூடமே சிரித்தது. மானேஜர் தேம்பி அழுதார். சரி, கண்ணைத் துடைத்தார். நான் தமிழிலேயே கேட்டேன். தலையாட்டிவிட்டாள்.

அக்கா பார்த்த பெண்களையெல்லாம் வேண்டாம் என்றவன் நான். “பேச்சே புரியாதவகூட என்னத்தடா குடும்பம் நடத்துவே” என்று திட்டுவாள். திட்டட்டும், குறுக்கே பேசாதே. திட்டாமல் எழுந்து போனால் மட்டும் பின்னாலேயே போ. அக்கா என் பக்கத்தில் வந்து நிற்காமல் நான் கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல். இது மட்டும் பீலா இல்லை, தாயே.

எல்லோரும் நன்றாயிருங்கள்.

இப்படிக்கு,
ஃபோனைக் கையிலேயே வைத்திருக்கும் மாமா