வடக்கே ஓடும் ஆற்றில் சம்பந்தியாரைக் கரைத்தோம்

விண்ணிலிருந்து விழுந்த கங்கையின் வேகத்தைச் சடையில் ஏற்று, மண் தாங்கும் அளவுக்குத் தணித்து விடுத்த பெருமானே, நீராகவும் நெருப்பாகவும் நெருப்பு விட்டுவைத்த நீறாகவும் நிற்பவனே, இந்தக் கடிதத்தில் பொய்ச்சொல் ஒன்றும் புகாதபடி காத்தருள்க.

அன்பு குறையாத சம்பந்தியாருக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நிறைவாக நடந்தது. மொன்றியலின் புறத்தே, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ வீட்டில் எல்லோரும் சுகம். என் மகள் வாசுகி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். உங்கள் மகன் கஜன் உங்கள் அறைக் கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். நான் கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடியில் என் மேசையில் இருந்து இதை எழுதுகிறேன்.

அழுதுகொண்டு எழுதுவதாக நினைக்க வேண்டாம். அழுகை வரவில்லை. உங்கள் உடலருகே நின்று திருமுறை ஓதியபோதும் குரல் நடுங்கவில்லை. எத்தனையோ பேரை வழியனுப்ப ஓதிப் பழகிய வாய். அது தன்பாட்டில் ஓதி முடித்தது. கேட்டவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள். எது நன்றாக இருந்தது?

இதை நம்மவர்களும் வாசிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. நான் யாழ்ப்பாணத்தான், கிணற்று நீரில் வளர்ந்தவன். நீங்கள் கிழக்கிலங்கையின் மூதூரில், மகாவலி ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகே பிறந்து, நில அளவையாளராக ஆறுகளை அளந்து வாழ்ந்தவர். பிள்ளைகளின் கலியாணம் நம்மைச் சம்பந்திகளாக்கியது. இந்த ஊரின் நீண்ட பனிக்காலங்கள் நண்பர்களாக்கின.

ஒவ்வொரு கோடையிலும் கஜனின் காரில் என்னை ஷாம்ப்ளிக் கோட்டைக்கு அழைத்துப் போவீர்கள். ரிஷ்லியூ ஆறு பாறைகளில் இரைந்து இறங்கி, கோட்டை மதிலடியில் குளம்போல் விரிகிற இடம் அது. முதல் முறை போனபோது புல்லில் இருந்தபடி கையை நீட்டினீர்கள்.

"சம்பந்தி, உங்கட சால்வையை ஒருக்காத் தாங்கோ."

"குளிருதோ?"

"இல்லை, ஆறு வேணும்."

என் சால்வையை நீளமாக விரித்தீர்கள். தென்முனையில் ஒரு ஆப்பிளை வைத்து ஷாம்ப்ளெய்ன் ஏரி என்றீர்கள். அதன் நீர்தான் வடக்கே வழிந்து, நாம் பார்த்துக்கொண்டிருந்த ஆறாகி, சென் லோரன்ஸ் பேராற்றில் கலக்கிறது. ஏரிக்குத் தெற்கே சிறிது தூரம் படகைத் தரையில் இழுத்தால் ஹட்சன் ஆறு; அது நியூயோர்க் துறைமுகத்தில் கொண்டுபோய் விடும். காடும் மலையும் அடைத்துக் கிடந்த அந்தக் காலத்து நாட்டில், படையும் பீரங்கியும் போக இந்த நீர்வழி ஒன்றுதான் இருந்தது.

அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கில முடிக்கு எதிராக விடுதலை கேட்டு எழுந்தபோது, முதல் இலையுதிர் காலத்திலேயே அவர்கள் இந்த ஆற்றோடு வடக்கே இறங்கி வந்தார்கள். ஷாம்ப்ளிக் கோட்டை விழுந்தது. மேலே, பாறைகளுக்கு அப்பால் இருந்த சென்-ழான் கோட்டையும் நெடிய முற்றுகைக்குப் பின் விழுந்தது. பிறகு மொன்றியல். அவர்களால் கியூபெக் நகரை மட்டும் பிடிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு, அம்மை கண்ட உடலோடு இதே வழியே திரும்பினார்கள். ஆங்கிலப் படை அவர்களைத் துரத்தியது. படகு ஏற முடியாத பாறைகளைக் கடக்கக் கப்பலையே கழற்றித் துண்டு துண்டாகச் சுமந்து, மேலே மறுபடி பூட்டியது. அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் பிடித்துவிட்டால், எழுந்த குடியேற்றங்களை இரண்டாக வெட்டிவிடலாம் என்பது ஆங்கிலேயர் கணக்கு. தெற்கே போன அவர்களின் பெரும்படை ஹட்சன் கரையில் சரணடைந்தது. போரின் போக்கே மாறியது.

"தெற்கால வாற எதையும் இந்த ஆறு கொண்டுவந்து எங்கட மடியில போடும்" என்றீர்கள்.

"கரையில இருந்த சனம் ஆரின்ர பக்கம்?" என்று கேட்டேன்.

"கரையில இருக்கிறவனை ஆர் கேட்டது? விடுதலை எண்டு வந்தவனும் கோழியைப் பிடிச்சான். ராசா எண்டு வந்தவனும் கோழியைப் பிடிச்சான். கோழிக்குக் கொடி தெரியுமோ?"

நான் சிரித்துவிட்டு, குருதி கலந்த நீர் தீர்த்தமாகாது என்று ஏதோ சொன்னேன். நீங்கள் ஆப்பிளை எடுத்துக் கடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "அப்ப குருசேத்திரம் என்ன? அங்க போய் முழுகினா புண்ணியம் எண்டுதானே உங்கட புராணம் சொல்லுது?"

நான் சால்வையை உதறி மடித்தேன்.

சாம்பலை எங்கே கரைப்பது என்று நீங்கள் ஒரு சொல்லும் சொல்லிவைக்காமல் போய்விட்டீர்கள். திருகோணமலையிலிருந்து உங்கள் தங்கை, கோணேசர் கடலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நின்றார். கஜன் ஷாம்ப்ளி என்றான். சாம்பல் இருந்த செம்பு கூடத்தில், பேத்தியின் பியானோவுக்கு மேல் காத்திருந்தது. தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோரும் கேட்கப் பேசினார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளைக்காரன் சண்டை பிடிச்ச ஆத்திலயோ என்ர அண்ணனைக் கரைக்கப் போறாய்?"

"மாமி, எங்கட ஆத்தில மட்டும் பூவே மிதந்தது?"

வாசுகி கணவனின் கையைப் பிடித்து, "மெல்லக் கதையுங்கோ" என்றாள். அவன் குரலைத் தாழ்த்தினான். "அங்க கொண்டுவந்தா வருசா வருசம் ஆர் மாமி வாறது? என்ர பிள்ளை கண்ணாலயும் காணமாட்டாள். இங்கயெண்டா காரில போய் நிண்டு கும்பிடலாம்."

உங்கள் தங்கை என்னைக் கூப்பிட்டார். "ஐயா, நீங்கள் படிச்சனீங்கள். நீங்கள் சொன்னாக் கேட்பன்."

கோடைதோறும் நீங்கள் என்னை அழைத்துப்போன இடமே என் நாக்கில் வந்து நின்றது. எதை நான் எடைபோட்டேன் என்று இன்றும் விளங்கவில்லை. உணர்ச்சியில்லாத ஒருவன் நியாயம் சொன்னால் அது நியாயமாகுமா?

"அது வடக்கே ஓடுற ஆறு, தங்கச்சி. காசியில கங்கை வடக்கே ஓடுறதாலதான் அந்தத் துறைக்கு அவ்வளவு மகிமை" என்றேன்.

அவர் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப கரையுங்கோ. ஆனா அது குளிர் தண்ணி. அண்ணனுக்குத் தடிமன் பிடிக்கும்." சொல்லிவிட்டு அவர் அழுதார். வாசுகி அழுதாள். நான் தொலைபேசியை அணைத்து வைத்தேன்.

நாங்கள் போனது ஒரு காலை வேளை. முழங்கால் வரை ஆற்றில் இறங்கினோம். தென்புலத்தார்க்குச் செய்யும் கிரியை தெற்கு நோக்கியே செய்யப்பட வேண்டும். ஆகவே, "தெற்கே பாருங்கோ" என்று நானே சொல்லி எல்லோரையும் நிறுத்தினேன். ஆறு தெற்கிலிருந்து வருகிறது என்பது அந்த நேரத்தில் என் எண்ணத்தில் இல்லை. அதை வடக்கே ஓடும் ஆறு என்று சொல்லி அனுமதி வாங்கியவனே நான்தான்.

கஜன் செம்பைச் சரித்தான். நீங்கள் எங்களை விட்டுப் போகவில்லை. நீரோட்டம் உங்களைத் திருப்பி எங்கள்மேல் கொண்டுவந்தது. கஜனின் காற்சட்டையில், என் வேட்டியில், வாசுகியின் சேலைக் கரையில் சாம்பல் சுற்றிக்கொண்டது.

"அப்பப்பா போகமாட்டாராம்" என்றாள் பேத்தி. யாரும் அவளை அதட்டவில்லை.

கஜன் அசையாமல் நின்றான். "மாமா, இப்ப என்ன செய்யிறது?"

நான் கற்ற நூல்களில் இதற்கு விதி இல்லை. பாறைகள் இரைந்துகொண்டிருந்தன.

"நில்லும் தம்பி" என்றேன். "அவர் எங்களுக்குள்ளாலதான் போகவேணும். போய் முடியுமட்டும் நில்லும்."

நின்றோம். நீங்கள் எங்கள் கால்களுக்கு இடையே கடந்து, எங்கள் முதுகுக்குப் பின்னால் வடக்கே போனீர்கள். கரைத்தபின் திரும்பிப் பார்க்கலாகாது என்பது மரபு. பார்க்காமலே கரையேறினோம். குளிரில் என் கால்கள் மரத்திருந்தன. உடலின் மற்றப் பகுதியும் அப்படித்தான் இருந்தது என்பதை, கால்களுக்கு உணர்வு திரும்பிய பிறகுதான் அறிந்தேன்.

மாலையில் உங்கள் தங்கை தொலைபேசியில் கேட்டார்: "போயிட்டாரோ, ஐயா?"

"போயிட்டார், தங்கச்சி. எங்களைத் தொட்டுக்கொண்டு போனவர்."

சம்பந்தி, வேட்டியை இன்னும் துவைக்கவில்லை. ஆசாரப்படி அன்றே துவைத்திருக்க வேண்டும். வாசுகி இரண்டு தடவை கேட்டுவிட்டாள். பேந்து தருகிறேன் என்றிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். இந்த ஆற்றின் போரை நீங்கள் எனக்கு இவ்வளவு சொன்னீர்கள். உங்கள் ஆற்றில், மகாவலியில், நம் நாட்டுப் போரின்போது நீங்கள் கண்டதை ஒருநாளும் சொல்லவில்லை. நான் கேட்கவேண்டும் என்று காத்திருந்தீர்களா? அல்லது இதைச் சொல்லித்தான் அதைச் சொன்னீர்களா?

இந்த வாக்கைத் தருகிறேன். ஆண்டுத் திவசத்துக்குள் உங்கள் தங்கையிடம் மூதூரின் கதையைக் கேட்டு வைப்பேன். அவர் சொல்ல விரும்பாததைக் கேட்கமாட்டேன். சொல்லுகிற அளவை, ஷாம்ப்ளித் தண்ணீரில் நின்று, நம் பேத்திக்குச் சொல்லுவேன். அவளுக்குத் தமிழ் போதாத இடங்களில் வாசுகி பிரெஞ்சில் சொல்லட்டும்.

இதை வாசித்தவர்களின் வீடுகளில் நோயும் பகையும் படியேறாதிருக்க. அவர்கள் பிள்ளைகள் தம் முன்னோரின் பெயரைத் தடுமாறாமல் சொல்ல. அவர்கள் அடுப்பும் விளக்கும் அணையாதிருக்கச் சிவனருள் துணை நிற்க.

உங்கள் மகனுக்கு மாமன்,
உங்களுக்கு என்றும் சம்பந்தி